தகட்டில் எழும் உருவம்

மாமல்லபுரத்துக் கற்சிற்பி பாறையில் தனக்கு வேண்டாத பாகத்தை உளியால் நீக்கி நீக்கி உருவத்தை வெளிப்படுத்துகிறான். கோயில் மூர்த்திக்குக் கவசமும் திருவாசியும் செய்கின்ற தகட்டு வேலைக்காரனோ உலோகத்தில் ஓர் அணுவையும் நீக்காமல், பின்புறத்தில் தட்டித் தட்டி முன்புறத்தில் உருவத்தை எழுப்புகிறான். இவ்விரண்டாவது கலையின் மிக எளிய வடிவந்தான், வேண்டுதல் நிறைவேறிய பக்தர்கள் உண்டியலில் செலுத்தும் கண்மலரும், கை கால் உருக்களும். வைத்தீசுவரன் கோயிலிலும் சமயபுரத்திலும் நாள்தோறும் காணிக்கையாகச் சேரும் இந்தச் சிறு தகடுகளை, விலை மலிவு என்ற காரணத்தால் நாம் கலைப்பொருளாக மதிப்பதில்லை.

இத்தகடுகளை உருவம் குழிவாக வெட்டிய அச்சில் வைத்து அடித்து எடுக்கிறார்கள். அந்த அச்சை வெட்டுவதில்தான் கலைஞனின் முழுத் திறமையும் அடங்கியிருக்கிறது. தகட்டில் மேடாக எழவேண்டிய புருவத்தை அச்சில் பள்ளமாகவும், வலப்பக்கம் வரவேண்டியதை இடப்பக்கமாகவும் மனத்தில் மாற்றி நிறுத்திக்கொண்டு அவன் வெட்டவேண்டும். வெட்டி முடிந்த அச்சின்மேல் மெல்லிய தகட்டை வைத்து, அதன்மீது ஈயக்கட்டியை வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். ஈயம் மிருதுவான உலோகமாதலால், தகட்டைக் கிழிக்காமல் தானும் நெளிந்து பள்ளத்தின் ஒவ்வொரு மூலையிலும் அதை அழுத்திப் பதிக்கிறது. அடி முடிந்து தகட்டைப் பெயர்த்து எடுத்தால், இமை மயிரும் விழியின் வட்டமும் துலங்க, கண்மலர் உருவாகியிருக்கும்.

உருவம் ஆழமாக எழவேண்டுமானால் ஓரடி போதாது. உலோகத்தின் உள்ளே படிகப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதாலேயே தகடு வளைகிறது. அடிக்க அடிக்க அப்படலங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, தகடு விறைத்து வெடிக்கத் தொடங்குகிறது. ஆகவே வெள்ளியையும் செம்பையும் இடையிடையே நெருப்பிலிட்டுக் காய்ச்சி மறுபடியும் இளக்குகிறார்கள். தகரத்துக்கு இந்த உபாயம் பலிக்காது. தகரம் என்று நாம் வழங்குவது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. வெள்ளீயமோ 232 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும் என்பதால், நெருப்பில் வைத்தால் பூச்சு முழுவதும் கெட்டுப்போகும். தகர வேலையில் உருவம் மேலோட்டமாகவும், புள்ளியும் கோடும் மிகுந்தும் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

இக்கலையின் பூர்வீகம் நம் நாட்டில் மிகத் தொன்மையானது. 1900ஆம் ஆண்டை ஒட்டி அலெக்சாந்தர் ரீ ஆதிச்சநல்லூரில் நடத்திய அகழ்வில், புள்ளிகளும் கோடுகளும் பொறித்த மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. சூரியனும் பிற சின்னங்களும் முத்திரை உளியால் அடிக்கப்பட்ட வெள்ளிக் காசுகளோ கிறிஸ்து சகாப்தத்துக்கு முன்பே பாரத தேசமெங்கும் புழங்கியவை. பிற்காலத்தில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் தஞ்சாவூர்க் கலைத்தட்டில், அடித்தட்டுச் செய்பவர், வெள்ளித் தகட்டில் தெய்வ உருவம் எழுப்புபவர், அதனைத் தட்டில் பதிப்பவர் என மூவர் கைத்திறன் ஒன்றுகூடுகிறது. கடல் கடந்த நியூ மெக்சிகோவிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகர்களோடும் படைகளோடும் வந்து குவிந்த காலி எண்ணெய் டின்களையும் உணவு டின்களையும் வெட்டி விரித்து, முத்திரை உளிகளால் கோலமிட்டு, புனிதர் படங்களுக்குச் சட்டம் செய்தார்கள். எறிந்த பொருளும் இறைவனுக்கு அலங்காரமாயிற்று.

பொன் வாங்க இயலாத ஏழைக்கும் ஓர் அழகிய காணிக்கையை அளித்தது அச்சு. ஆனால் அந்த அச்சை முதலில் வெட்டியது ஒரு மனிதக் கை. எத்தனை ஆயிரம் பிரதிகள் எடுத்தாலும் அக்கையின் நடையே அவற்றில் பேசுகிறது. இயந்திரங்களில் ஒரே வார்ப்பாக வரும் தகடுகள் பெருகப் பெருக, பழைய அச்சுகள் வெறும் இரும்பாக எடைக்குப் போய்விடும் அபாயம் இருக்கிறது. 1957இல் மாமல்லபுரத்தில் நிறுவப்பட்ட அரசு சிற்பக் கல்லூரி, கல்லோடு மரம், சுதை, உலோகம் ஆகியவற்றிலும் பயிற்சி அளிக்கிறது. இத்தகைய நிலையங்களும் அருங்காட்சியகங்களும் அச்சு வெட்டும் வித்தையை ஏட்டில் பதிவுசெய்து, பழைய அச்சுகளையும் தேடிச் சேகரிக்கவேண்டும். பரம்பரை அச்சு எவர் வீட்டிலேனும் இருக்குமானால், அவர்கள் அதை விற்றுவிடாமல் காப்பாற்றுவது நம் கலைக்குச் செய்யும் பெரிய கைங்கரியமாகும்.