லயத்துக் காம்பராவில் பதிந்த பாட்டு

யூடியூப்பில் ‘மலையக நாட்டார் பாடல்’ என்று தேடிப் பாருங்கள். மேடை நிகழ்ச்சிகளும் தொலைக்காட்சித் துண்டுகளும் முன்னால் வந்து நிற்கும். அவற்றைத் தாண்டிப் பொறுமையாகக் கீழே போனால், வீட்டில் போனை வைத்துப் பதிந்த பாட்டுகள் தட்டுப்படும். பக்கவாத்தியம் இருந்தால் ஒரு கிட்டார் அல்லது ஒரு தப்பு, அவ்வளவுதான். பாட்டுக்கு நடுவே சேவல் கூவும், தகரத்தில் மழை விழும், யாரோ பிள்ளையைக் கூப்பிடுவார்கள். கேட்டவர் தொகை பல வேளைகளில் நூறைக்கூடத் தொட்டிருக்காது.

இந்தப் பாட்டுகளை நாம் தேடிப் போய்க் கேட்க வேண்டும். மாத்தளைக்காரர்களுக்கு அதில் கூடுதல் பொறுப்பு உண்டு.

நடந்து வந்த பாட்டு

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டுவழியே நடந்து வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்கள் வரவின் இருநூறு ஆண்டுகளை ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்து 2023 ஜூலையில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம், ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவடைந்ததும் அந்த நினைவாகத்தான்.

அவர்கள் கொண்டுவந்த சொத்து தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெம்மாங்கும். தோட்டத்தில் குடியேறிய பிறகு கங்காணியையும் துரையையும் கொழுந்துக் கூடையையும் பற்றிப் புதுப் பாட்டுகள் பிறந்தன. தொழிற்சங்க முன்னோடி கோ.நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். 1940இல் பாட்டுப் புத்தகமும் வெளியிட்டார். பிற்காலத்தில் சி.வி.வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக்கினார். அந்த உழைப்பு இல்லையென்றால் எத்தனையோ பாட்டுகள் நமக்குக் கிடைத்தே இருக்காது.

ஆனால் அச்சில் நிற்பது சொல் மட்டுமே. ஒப்பாரியில் குரல் எங்கே உடைகிறது, தாலாட்டில் எந்த எழுத்தை இழுத்து மூச்சு வாங்குகிறார்கள் என்பதைத் தாளில் எழுதிவைக்க முடியாது. அதைப் பிடித்துவைக்கும் கருவி இப்போது அநேகமாக எல்லாக் காம்பராவிலும் இருக்கிறது.

வீட்டுப் பதிவு மட்டமா?

‘ஸ்டூடியோவில் பாடினால்தானே பாட்டு’ என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டுப் படுக்கையறையில் கிட்டாரோடு உட்கார்ந்து, சாதாரண கசெட்டில் பதியும் நான்கு டிராக் ரெக்கோர்டரில் தன் புதுப் பாட்டுகளைப் பதிந்தார். பிறகு ஸ்டூடியோவில் வாத்தியக் குழுவோடு அவற்றைப் பாடிப் பார்த்தார். கசெட்டில் இருந்த உயிர் அதில் வரவில்லை. அந்த கசெட் பதிவே ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தட்டாக அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. இன்றும் அவருடைய மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

நம் காம்பராவிலும் இது முடியும். வெறும் சுவரில் பட்ட குரல் திரும்பி வந்து முழங்கும். கொடியில் கம்பளியைப் போட்டு, அதைப் பார்த்து உட்கார்ந்து பாடினால் முழக்கம் அடங்கும். போனை வாய்க்கு நேரே பிடிக்காமல், ஒரு முழம் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் மூச்சுக்காற்று மைக்கில் அடிக்காது. தப்புக்கு இந்தக் கணக்குச் சரிவராது. நெருப்பில் காய்ச்சி இறுகிய தோலில் விழும் அடி, பக்கத்தில் இருக்கும் மைக்கைத் திணறடித்துவிடும். வாசலில் அடிக்கச் சொல்லி, போனைப் பத்தடி தள்ளி வைக்க வேண்டும். சேவல் கூவினால் கூவட்டும்; அது பாட்டு பிறந்த இடத்தின் சத்தம்.

பெயர் இருந்தால்தான் தேடலாம்

பதிவைவிடப் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. ‘தோட்டத்துப் பாட்டு’, ‘பழைய பாட்டு’ என்று மட்டும் தலைப்பிட்டு ஏற்றிவிடுகிறோம். தேடுபொறி பெரும்பாலும் நாம் எழுதியதை வைத்தே தேடுகிறது. பாடியவர் பெயர், தோட்டம், டிவிஷன், பாட்டின் வகை, யாரிடம் கற்றது, பதிந்த திகதி ஆகியவற்றைத் தமிழில் நான்கு வரி எழுதினால் போதும். எல்கடுவை என்றோ இரத்தோட்டை என்றோ தேடுபவர் கையில் அந்தப் பாட்டு கிடைக்கும்.

பெயர் என்பது பாடியவரின் மரியாதையும்கூட. 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் ஒலித்த ‘எஞ்சாய் எஞ்சாமி’க்குப் பின்னால், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய வள்ளியம்மாள் இருக்கிறார், பாடகர் அறிவின் பாட்டி. அந்தப் பாட்டைச் சுற்றியே யாருடைய பெயர் முன்னால் நிற்க வேண்டும் என்ற சர்ச்சை எழுந்தது. அவ்வளவு புகழ் பெற்ற பாட்டுக்கே அந்தக் கதி என்றால், பெயரே போடாமல் ஏற்றிய நம் ஆத்தாமாரின் பாட்டுகளுக்கு யார் சாட்சி?

பணத்தைப் பொறுத்தவரை நிலைமை கடினம்தான். 2024 முதல், ஓர் ஆண்டில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை என்ற இணைய இசைத்தளம் உரிமைத்தொகை கொடுப்பதில்லை. வீட்டில் பாடுபவர்களை வாழவைக்கக் கேட்பவர்களே முன்வர வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் பாடசாலை விழாவுக்கும் அவர்களை அழைத்து, உரிய சன்மானம் கொடுக்கலாம்.

இன்னொரு கடமையும் உண்டு. போன் தொலையலாம், யூடியூப் கணக்கு முடங்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் வழிவந்த ‘ஆவணகம்’ போன்ற இணையச் சேகரங்கள் ஒலிப்பதிவுகளையும் பாதுகாக்கின்றன. அங்கும் ஒரு பிரதி சேரட்டும். பாடியவரின் சம்மதத்தைக் கேட்டுவிட்டே ஏற்ற வேண்டும். ஒப்பாரி என்றால் இறந்தவரின் வீட்டாரையும் கேட்க வேண்டும்.

மாத்தளையின் ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலையிலும் உயர்தர மாணவர்கள் தங்கள் வீட்டு மூத்தவர்களிடம் ஆளுக்கொரு பாட்டு பதிந்து, பெயரும் தோட்டமும் எழுதி ஏற்றினால், சில ஆண்டுகளில் வேறெங்கும் கிடைக்காத ஓர் ஒலிக்களஞ்சியம் நம்மிடம் இருக்கும். இதற்கு நிதியும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். பாடத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும்.