புது மோட்டார் சைக்கிளை நம்பலாமா?

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை வகுப்பு முடிந்து கிளம்பும்போது, முதலாண்டு இயற்பியல் மாணவன் ஒருவன் தயங்கியபடி வந்து நின்றான். "சார், அப்பா புது வண்டி வாங்கப் போறாங்க. எதை வாங்கலாம்னு உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

அவனுடைய தந்தை பூ வியாபாரி. விடியுமுன் தோட்டங்களில் மல்லிகை மொட்டுகளை வாங்கி, மூட்டை கட்டி, நிலக்கோட்டைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பவர். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவுக்கு விலை கிடையாது. கடன் வாங்கி எடுக்கும் வண்டி நடுவழியில் நின்றால், அன்றைய முதல் போனதுபோலத்தான்.

இரண்டு வண்டிகள் அவர் மனத்தில் இருந்தன. ஒன்று, பல ஆண்டுகளாக விற்பனையில் இருக்கும் மாடல். மற்றது அந்த ஆண்டுதான் வந்தது, மைலேஜ் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய புது மாடல் இரண்டாம் மாதமே சாலையில் நின்றுவிட்டதாம். ஆனால் மாமா, "எனக்குத் தெரிந்து பத்துப் பேர் அதைத்தான் ஓட்டுகிறார்கள். ஒருவருக்கும் தொல்லை இல்லை" என்கிறாராம். யார் சொல்வதை நம்புவது?

முதலில் மாமாவின் கூற்றைச் சோதிப்போம். ஓர் ஆண்டுக்குள் பத்தில் ஒரு வண்டி பழுதாகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அது மோசமான வண்டிதான். ஒரு வண்டி தப்பிப்பதற்கான நிகழ்தகவு 0.9. பத்தும் தப்பிப்பதற்கான நிகழ்தகவு, 0.9-ஐப் பத்து முறை பெருக்கினால் கிடைக்கும் 0.35. அதாவது, மோசமான வண்டியாக இருந்தாலும், மூன்றில் ஒரு மாமா இப்படித்தான் புகழ்ந்து கொண்டிருப்பார்! பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சியம் இன்னும் பலவீனமானது. நூற்றில் ஒன்று மட்டுமே பழுதாகும் நல்ல வண்டியிலும், ஒரு லட்சம் விற்றால் ஆயிரம் பேர் சாலையில் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பதில் வியப்பில்லை. மேலும், வண்டி நின்றவர் ஊரெல்லாம் சொல்வார்; ஒழுங்காக ஓடுபவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

வண்டி ஏன் பழுதாகிறது? திருவிழாவில் தொங்கும் சீரியல் விளக்குச் சரத்தைப் பார்த்திருப்பீர்கள். தொடரில் ஒரு பல்பு போனால் அந்தச் சரம் முழுவதும் அணைந்துவிடும். மோட்டார் சைக்கிளும் பெரும்பாலும் அப்படிப்பட்ட தொடர்தான். ஆயிரம் பாகங்கள், எது கெட்டாலும் வண்டி நிற்கும் என்று எளிமைக்காக வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு பாகமும் ஓர் ஆண்டில் பழுதாக ஆயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான். மிகச் சிறந்த பாகங்கள் அல்லவா? ஆனால் வண்டி ஓராண்டு நிற்காமல் ஓடும் நிகழ்தகவு, 0.999-ஐ ஆயிரம் முறை பெருக்கினால் வருவது. மடக்கை அட்டவணையை எடுத்துப் போட்டுப் பாருங்கள்: 0.37! நூற்றுக்கு 99 வண்டிகள் ஓட வேண்டுமானால், ஒவ்வொரு பாகமும் லட்சத்தில் ஒன்றுதான் பழுதாகலாம். தொழிற்சாலைகள் ஏன் தலையைப் பிய்த்துக் கொள்கின்றன என்பது இப்போது புரியும்.

பழுதுகள் எல்லா வயதிலும் ஒரே அளவில் வருவதில்லை. வால்நட்சத்திரத்தால் புகழ்பெற்ற எட்மண்ட் ஹாலி, 1693-இல் பிரெஸ்லௌ நகரத்தின் பிறப்பு இறப்புக் கணக்கைக் கொண்டு ஓர் அட்டவணை வெளியிட்டார். அதில் முதல் வயதில் இருந்த 1,000 பேர் இரண்டாம் வயதில் 855 ஆகின்றனர். 145 பேர் குறைகின்றனர். ஆனால் பத்தாம் வயதில் இருக்கும் 661 பேர் பதினொன்றில் 653 ஆகின்றனர். குறைவது 8 பேர்தான். பிறகு முதுமையில் மீண்டும் இறப்பு கூடுகிறது. இயந்திரங்களும் ஏறத்தாழ இவ்வாறே. தொடக்கத்தில் பழுது அதிகம், நடுவில் குறைவு, இறுதியில் தேய்மானத்தால் மீண்டும் அதிகம். வரைபடமாக வரைந்தால் குளிக்கும் தொட்டியின் குறுக்குவெட்டுபோல இருக்கும்; பொறியாளர்கள் அதைத் தொட்டி வளைவு என்றே அழைக்கிறார்கள். 1951-இல் சுவீடன் நாட்டு வெய்புல் என்பவர் வெளியிட்ட கட்டுரையில் உள்ள ஒரே சமன்பாட்டின் ஓர் எண்ணை மாற்றினால் இந்த மூன்று பருவங்களும் கிடைக்கும். எஃகின் வலிமை, பீன்ஸ் விதையின் அகலம் ஆகியவற்றோடு இந்தியப் பருத்தி இழையின் வலிமையையும் அவர் அதற்கு எடுத்துக்காட்டாகத் தந்திருந்தார்.

குழந்தைப் பருவத்துப் பழுதுக்கு இயற்பியல் காரணங்கள் உண்டு. பளபளப்பான உலோகப் பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தெரியும். புதிய பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் முதலில் மேடுகளின் முனைகளில் மட்டுமே தொடுகின்றன. தொடும் பரப்பு சிறியது. ஆகவே அழுத்தம் மிக அதிகம். முனைகள் மழுங்கி உதிர்ந்து, தொடும் பரப்பு கூடிய பிறகே வளையம் சரியாகப் பொருந்தும். அதற்குள் எஞ்சினை அளவுக்கு மீறி முறுக்கினால் சுவர் கீறிப் போகலாம். புது வண்டியை முதலில் நிதானமாக ஓட்டச் சொல்வது இதனால்தான்.

போல்ட்டின் கதை வேறு. முடுக்கிய போல்ட் உண்மையில் இழுத்துப் பிடித்த சுருள்வில். கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டிருக்கும் அந்த இழுவிசையே இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நடுவிலுள்ள பெயின்ட்டும் கேஸ்கெட்டும் நாளடைவில் அமுங்கும்போது இழுவிசை குறைகிறது. பிறகு பக்கவாட்டில் அதிர்ந்தால் மரை தானாகவே கழன்று திரும்பும். 1969-இல் யுங்கர் என்ற ஜெர்மானியர் இதைச் சோதனையில் காட்டினார். முதல் சர்வீஸில் மெக்கானிக் ஸ்பானரோடு வண்டியைச் சுற்றி வருவது வெறும் சடங்கல்ல.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். பல ஆண்டுகள் விற்ற மாடலில் வடிவமைப்பின் குறைகள் பெரும்பாலும் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டிருக்கும். புது மாடல் ஐந்து ஆண்டில் எப்படி இருக்கும் என்பதை, ஆய்வகத்தில் எவ்வளவு குலுக்கினாலும், ஓரளவுதான் ஊகிக்க முடியும். "வாரன்டி இருக்கிறதே?" என்றான் பையன். வாரன்டியில் பாகத்தை மாற்றித் தருவார்கள். அன்று விரிந்துபோன மல்லிகைக்கு யார் பணம் தருவார்கள்? எனக்கென்றால் புது மாடலையே எடுத்திருப்பேன். என் வண்டி நின்றால் வகுப்புக்குத்தான் தாமதம். அதற்காக மாணவர்கள் வருந்தப் போவதில்லை. அவன் தந்தைக்குப் பழைய மாடல் என்றேன்.

ஆனால் பழைய மாடலின் புது வண்டிக்கும் குழந்தைப் பருவம் உண்டு. எனவே, வீட்டிலுள்ள மொபெட்டை எக்ஸ்சேஞ்சில் உடனே தள்ளிவிட வேண்டாம் என்றும் சொன்னேன். ஒரு காலையில் புது வண்டி மக்கர் செய்ய இருநூற்றில் ஒரு வாய்ப்பு, கிழட்டு மொபெட்டுக்கு இருபதில் ஒன்று என்று கொள்வோம். இரண்டும் ஒரே காலையில் கைவிடும் வாய்ப்பு நாலாயிரத்தில் ஒன்று. தொடராக இணைத்தால் நம்பகம் குறைகிறது. பக்கமாக இணைத்தால், கிழட்டு வண்டியைச் சேர்த்தாலும் கூடுகிறது!

முதல் சர்வீஸ் முடிந்ததும் பையன் வடித்தெடுத்த எஞ்சின் ஆயிலை ஒரு சிறு பாட்டிலில் ஆய்வகத்துக்குக் கொண்டு வந்தான். வெளிச்சத்தில் பிடித்தபோது மினுமினுத்தது. காகிதம் சுற்றிய காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தோம்; சாம்பல் நிற மை போல இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. அடுத்த சர்வீஸ் ஆயிலையும் கொண்டு வந்தான். காந்தத்தில் ஒட்டிய தூள் மிகச் சொற்பம். மொபெட் இன்னும் வீட்டுத் திண்ணையோரம்தான் நிற்கிறதாம். அப்பா அதை விற்க மறுக்கிறாராம்.