பியூஸ் ஏன் அடிக்கடி போகிறது?

பத்தாம் வகுப்பில் மின்னோட்டத்தின் வெப்ப விளைவை நடத்திக்கொண்டிருந்தேன். "வீட்டில் பியூஸ் போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். சுசீந்திரத்தில் பழைய ஓட்டு வீடொன்றில் இருந்து வரும் மாணவன் எழுந்தான். "எங்க வீட்ல இப்ப பீஸ் போறதே இல்ல சார். அப்பா மூணு இழை கம்பியை முறுக்கிப் போட்டுட்டாங்க." வகுப்பே அவனைப் பெருமையாகப் பார்த்தது. எனக்கோ பயமாக இருந்தது.

பாடத்தை நிறுத்திவிட்டு, காலை ஏழு மணிக்கு அவன் வீட்டில் ஓடும் கருவிகளைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். ரைஸ் குக்கர் 700 வாட், இஸ்திரிப் பெட்டி 1000 வாட், மிக்சி 500 வாட். மொத்தம் 2200 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 9.6 ஆம்பியர். அந்த லைனுக்கு உரியதோ 5 ஆம்பியர் பியூஸ். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்கிறது ஜூல் விதி. கம்பியைத் தடிமனாக்கினால் இந்த வெப்பம் குறையாது. பியூஸ் உருகாமல் நிற்கும்; சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும். செம்பு 1085 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆனால் வீட்டு வயர்களின் சாதாரண பிவிசி உறை தாங்குவது 70 டிகிரி வரைதான்.

பியூஸ் எப்போது போகிறது என்று கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

பல கருவிகள் ஓடும்போது சற்று நேரம் கழித்துப் போனால், அது மிகைப் பளு. கட்டையை மாட்டியவுடன் 'பட்'டென்று போனால், குறுக்குச் சுற்று. மழை நாளில் மட்டும் போனால், வயரிங்கில் ஈரம் இறங்கியிருக்கலாம். இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் இது புதிதல்ல. பளு குறைவாக இருந்தும் போனால், கட்டையின் திருகு தளர்ந்து சூடாகியிருக்கலாம்.

பழுதைக் கண்டுபிடிக்கும் முறை இது. மெயினை அணைத்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, சுவிட்சுகளை அணைத்துவிட்டு, சரியான அளவுள்ள பியூஸ் கம்பியைப் போட வேண்டும். மெயினைப் போட்டதுமே அது போனால் பழுது வயரிங்கில் உள்ளது. எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். போகாவிட்டால் கருவிகளை ஒவ்வொன்றாக இயக்க வேண்டும். எதை இயக்கியதும் போகிறதோ, அதில்தான் பழுது. எதிலும் போகாமல், எல்லாம் சேர்ந்து ஓடும்போது மட்டும் போனால் மிகைப் பளுதான். எம்சிபி உள்ள வீடுகளுக்கும் இதே முறை பொருந்தும். இவை பெரியவர்கள் செய்ய வேண்டியவை என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். மீட்டருக்கு முன்னுள்ள பியூஸை மின்வாரியப் பணியாளர் மட்டுமே தொடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பியூஸ் வயரைக் காக்கும், மனிதரைக் காக்காது. உடலில் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே உயிர் போகலாம். 5 ஆம்பியர் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. அதற்காகத்தான் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துகிறார்கள்.

மறுவாரம் அந்த மாணவன் வந்து சொன்னான்: "எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பாத்தாரு சார். உள்ள வயரெல்லாம் கருகி இருந்திச்சு. இப்ப குக்கருக்குத் தனி லைன் போட்டாச்சு."

ஆசிரிய நண்பர்களே, இந்தப் பாடம் வரும்போது மாணவர்களை அவரவர் வீட்டுக் கருவிகளின் வாட் அளவைக் குறித்துவரச் சொல்லுங்கள். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் கணக்கிடலாம். விடையைப் பெற்றோரிடம் காட்டச் சொல்லுங்கள்.