தென்னையின் வாடலும் தேசங்களின் துணையும்

தேங்காயின்றித் தமிழர் மங்கல வினை எதுவும் நிறைவுறுவதில்லை. நிறைகுடத்தின் மேல் வைப்பதும் அதுவே. கோயில் வாயிலில் உடைப்பதும் அதுவே. பாளை, குரும்பை, இளநீர், நெற்று, ஓலை, ஈர்க்கு என அம்மரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் நம் மொழி தனிப்பெயர் சூட்டியுள்ளது. எனினும், அதற்கு வரும் நோய்கள் பலவற்றை 'வாடல்' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டோம். பெயர் ஒன்றாதலின் நோயும் ஒன்றே என மயங்குதல் கூடாது.

1952ஆம் ஆண்டளவில் சோழநாட்டில் அறியப்பட்ட தஞ்சாவூர் வாடல் ஒருவகைப் பூஞ்சணத்தால் விளைவது. கேரளத்தின் வேர்வாடல் நோயோ வேறு. 1882ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின் மீனச்சில் பகுதியில் முதலிற் காணப்பட்ட அது, இன்று தமிழகத்தின் கம்பம், பொள்ளாச்சித் தோப்புகளையும் வருத்துகின்றது. இதன் காரணத்தை அறிய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

அக்காரணம் யாது? 'பைற்றோபிளாஸ்மா' எனப்படும் நுண்ணுயிர். இது பற்றீரியா இனத்தது. ஆயினும் செல்லுக்குரிய சுவர் இதற்கு இல்லை. மரத்தின் உணவு ஓடும் குழாய்களிலே வாழ்ந்து, சாறுறிஞ்சும் சிறு பூச்சிகளால் மரம்விட்டு மரம் தாவுகின்றது. ஆய்வுகூடத்தில் ஏனைய பற்றீரியாக்களைப் போல இதனை எளிதில் வளர்த்தல் இயலாது. ஆகவே நெடுங்காலம் இது கண்ணுக்குத் தப்பியே இருந்தது.

இதனைக் கண்ட வரலாறு ஒரு நாட்டின் வரலாறன்று. 1967இல் யப்பானிய விஞ்ஞானிகள் குட்டையாகிப் போன முசுக்கட்டைச் செடியில் இதனை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையால் முதலிற் கண்டனர். 1972இல் யமேக்காவின் தென்னைகளை அழித்த மஞ்சள் நோயிலும் இவ்வகை உயிர் தென்பட்டது. 1983இல் இந்திய ஆராய்ச்சியாளரும் யேர்மானிய அறிஞர் ஒருவரும் சேர்ந்து கேரள வேர்வாடலில் இதன் தொடர்பை வெளியிட்டனர். முசுக்கட்டையிற் கண்டது தென்னைக்கு வழிகாட்டியது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டளவில் மாத்தறை மாவட்டத்து வெலிகமப் பகுதியிலே ஓலைகள் மஞ்சளித்து, கீற்றுகள் தளர்ந்து வளையும் நோய் தோன்றியது. 1929இல் தொடங்கிய லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் அதனை ஆராய்ந்து, பைற்றோபிளாஸ்மாவின் தொடர்பை உறுதிசெய்தனர். பின்னர் மரபணு ஒப்பீட்டில், கேரள நோயின் நுண்ணுயிரும் வெலிகம நோயின் நுண்ணுயிரும் ஒரே பெருங்குழுவைச் சேர்ந்தவை எனப் புலப்பட்டது. கடல் பிரித்த இரு கரைகளையும் நோய் உறவாக்கிற்று. அறிவும் உறவாக வேண்டும் அல்லவா?

மருந்துண்டோ எனில், முற்றாகக் குணப்படுத்துவது இல்லை. பெனிசிலின் செல்லின் சுவரைத் தாக்குவது. சுவரற்ற உயிரிடம் அது பயன்படாது. தெத்திராசைக்கிளினை மரத்துட் செலுத்தினால் நோய்க்குறி தணியும், நிறுத்தினால் மீளும். ஆதலின் நோயைத் தாங்கும் இனங்களைத் தேடினர். யமேக்கா மலாயாக் குட்டைத் தென்னையை நட்டது. கேரளம் சாவக்காட்டுப் பச்சைக் குட்டையிலிருந்து 'கல்பஸ்ரீ' என்னும் இனத்தைத் தெரிந்தெடுத்தது. எனினும் யமேக்காவில் 1990களின் பின் மலாயாக் குட்டையும் நோய்க்கு இரையாயிற்று. ஒரு நாட்டில் வென்ற விதை மறு நாட்டிலும், அந்நாட்டிலேயே மறு தலைமுறையிலும், வெல்லும் என்பதற்கு உறுதியில்லை.

இங்கே ஓர் இடர்ப்பாடும் உண்டு. நல்லினத்தைப் பெற நாடுகள் விதை பரிமாற வேண்டும். பரிமாறினால் நோயும் உடன் வரலாம். உலகத் தென்னையினங்களைக் காக்கும் சேமிப்புத் தோட்டங்களுள் ஒன்றான பப்புவா நியூகினியின் மடாங் தோட்டத்தையே இத்தகைய நோயொன்று அச்சுறுத்தியது. எனவே முழுத் தேங்காய்க்குப் பதிலாக அதன் முளைக்கருவைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து அனுப்பும் முறை கைக்கொள்ளப்படுகின்றது. அறிவுக்கு எல்லை வேண்டா. நாற்றுக்கு எல்லை வேண்டும் என்பதே இதன் பொருள்.

சப்பிரகமுவ மக்களுக்கு இது தொலைவுச் செய்தியன்று. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு என்னும் பூஞ்சண நோயே கோப்பித் தோட்டங்களை வீழ்த்தித் தேயிலையைக் கொணர்ந்தது. ஓப்பநாயக்க அமைந்துள்ள இரத்தினபுரி மாவட்டமோ காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை ஆகிய மூன்று தென் மாவட்டங்களோடும் எல்லை கொண்டது. நோய்ப் பகுதியிலிருந்து தென்னை முதலிய பனையினத்து நாற்றுகளை வெளியே கொண்டு செல்வதை அரசாணை தடுத்தது. தெனியாயவிலிருந்து இறக்குவானை வழியே உறவினர் அன்போடு கொண்டுவரும் ஒரு நாற்று, லயத்து வாசலில் நிற்கும் தென்னைக்குக் கேடாகலாம்.

இந்நோய் மரத்தை விரைவிற் கொல்வதில்லை. காய் குறைந்தாலும் மரம் நிற்கும். நாலைந்து காய் தரும் மரத்தை வெட்டக் கொடுக்க எந்த ஏழைக்கு மனம் வரும்? ஆயினும் அம்மரம் நிற்குமளவும் பூச்சிகளுக்கு அது நோய்க்களஞ்சியமே. ஆதலின் வெட்டச் சொல்வோர் இழப்பீட்டையும் நல்ல நாற்றையும் உடன் தருதல் முறை.

மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிசெய்வோர் என வள்ளுவர் நான்காக வகுத்தார். தென்னையாகிய நோயாளிக்கு மருத்துவர் பல நாடுகளில் உளர். மருந்தோ இன்னும் இல்லை. ஆகவே பணிசெய்வோரின் பொறுப்பு இருமடங்காகின்றது. மஞ்சளித்த ஓலையைக் கண்டவுடன் உத்தியோகத்தருக்கு அறிவிக்கும் மாணவனும், எல்லைதாண்டி நாற்றுக் கொணராத குடியானவனும் அப்பணியாளரே. ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எடுத்துரைத்தல் நன்று.