கதவுச் சத்தம்

வானொலியில் ஊமைப்படத்தைப் பற்றிப் பேசுவதா என்று நேயர்கள் நகைக்கக்கூடும். ஆனால் சார்லி சப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' ஒரு சத்தத்தின் மேல் கட்டப்பட்ட படம்.

பார்வையற்ற பூக்காரி, நாடோடி ஒருவனைப் பணக்காரன் என்று எண்ணவேண்டும். எப்படி? வழி காணாமல் சப்ளின் நெடுநாள் திண்டாடினார். அந்தக் காட்சியை 342 தடவைகள் எடுத்தார் என்கிறது கின்னஸ் பதிவு. கிடைத்த விடையோ மிக எளியது. பொலிஸ்காரனுக்குப் பயந்த நாடோடி, நின்ற காரொன்றில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறான். கதவு சாத்தப்படுகிறது. நாம் பார்க்கிறோம்; அவள் கேட்கிறாள். பிறகு கார்ச் சொந்தக்காரர் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார். பூ வாங்கியவர்தான் மிச்சக் காசு வாங்காமல் போய்விட்டார் என்று நினைக்கிறாள் அவள். நாடோடி அரவமில்லாமல் நழுவுகிறான். சிரிக்கிறோம், ஆனால் முழுதாகச் சிரிக்க முடிவதில்லை.

படம் வெளிவந்தது 1931 ஜனவரியில். பேசும்படங்கள் பரவிவிட்ட காலம். அவ்வாண்டே நமக்கும் 'காளிதாஸ்' கிடைத்தது. சப்ளின் வசனத்தை விலக்கி, இசையைத் தானே அமைத்தார். மறுவருடம் இலங்கைக்கும் வந்துபோனார். 1954இல் ஜெமினி இக்கதையை 'ராஜி என் கண்மணி' என்று தமிழில் பேசவைத்தது. நான் என்னவோ பேசாததன் பக்கம்தான்.

மாத்தளையில் பார்வை இழந்த என் பெரியம்மாவுக்கு இக்கதையைச் சொன்னேன். வாசற்கதவுச் சத்தத்திலேயே வருவது யாரென்று அறிபவர். அவர் சிரிக்கவில்லை.

"கண் தெரிஞ்ச பிறகு அவனை எப்படிக் கண்டுபிடிச்சா?"

"கையைத் தொட்டு, பெரியம்மா."

"அதுதானே," என்றார்.