கால்விரல் இடுக்கில் ஃபைல்!

"கம்பெனி நடத்தத் தெரிஞ்சவன் கையில நாட்டைக் குடுங்க சார்... ஆறே மாசத்துல லாபம் காட்டுவான்!"

எங்கள் தஞ்சாவூர் ஆபீஸில் அரசியல் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இந்த வசனத்தை எடுத்து விடுவார். எனக்கு உடனே மீர் ஜும்லா ஞாபகம் வந்துவிடும்.

யார் இந்த ஆசாமி? பாரசீகத்தில், இஸ்பஹான் பக்கம், ஒரு எண்ணெய் வியாபாரியின் மகன். நிஜப் பெயர் முகமது சையது. எழுத்தும் கணக்கும் தெரியும் என்ற முதலோடு கோல்கொண்டாவுக்கு வந்தார். வைர வியாபாரியிடம் கிளார்க்... அப்புறம் சொந்த வைர வியாபாரம், சொந்தக் கப்பல்கள்! சாமர்த்தியத்தில் மயங்கிய சுல்தான் அப்துல்லா குதுப் ஷா, மசூலிப்பட்டினத்தைக் கொடுத்தார். பிறகு மந்திரி பதவியையே கொடுத்தார். 'மீர் ஜும்லா' என்பது அந்தப் பதவியின் பெயர்தான்.

1652-ல் கண்டிக்கோட்டையில் இவரைச் சந்தித்த பிரெஞ்சு நகை வியாபாரி தாவெர்னியே எழுதி வைத்திருக்கிறார்... வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார் மந்திரி. கால்விரல் இடுக்கிலும் இடது கைவிரல் இடுக்கிலும் காகிதங்கள்! ஒவ்வொன்றாக உருவி, குமாஸ்தாக்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகிறார். நம்ம ஆபீஸில் இப்படி ஒருத்தர் இருந்தால் டேபிளில் ஒரு ஃபைல் தங்குமா?

திறமையில் குறையே இல்லை. சிக்கல் வேறு இடத்தில். படை சுல்தானுடையது, அந்தப் படை ஜெயித்த கர்நாடகச் சீமையோ மந்திரியின் சொந்தச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. கடை போர்டில் மேனேஜர் பெயரைப் பார்த்தால் முதலாளிக்கு எப்படி இருக்கும்? 1655-ல் சுல்தான் மந்திரியின் மகனைப் பிடித்து உள்ளே போட்டார். மந்திரி அசரவில்லை. ஔரங்கசீப் பக்கம் தாவினார்! மறு வருஷமே மொகலாயப் படை ஹைதராபாத்தைச் சூறையாடியது. கட்சி தாவல் நாம் கண்டுபிடித்ததில்லை சார்! கடைசியில் வங்காள கவர்னர் ஆனார். அஸ்ஸாம் படையெடுப்பில் நோய்வாய்ப்பட்டு, 1663-ல் இறந்தார்.

"சரி, இதுக்கும் தஞ்சாவூருக்கும் என்ன சம்பந்தம்?"

இருக்கிறது. தென்னாட்டைக் கோல்கொண்டாவும் பீஜப்பூரும் பங்கு போட்டுக்கொண்டன. வடபாகம் ஜும்லா பிடித்தது; தென்பாகம் பீஜப்பூர் கணக்கு. 1649-ல் செஞ்சி பீஜப்பூரிடம் விழுந்தது. 1659-லிருந்து 1661 வரை பீஜப்பூர் படைகள் தஞ்சாவூர்ச் சீமையில் புகுந்து புகுந்து அடித்தன. நெல் விளைகிற பூமியில் பஞ்சம்! நாகப்பட்டினத்திலும் மற்ற துறைமுகங்களிலும் டச்சுக்காரர்கள் 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக வாங்கினார்கள். பெரும்பாலானவர்களை இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள்.

அதை ஜும்லா செய்யவில்லை; அப்போது அவர் வடக்கே இருந்தார். ஆனால், நாட்டைச் சரக்காக நினைத்துப் பங்கு பிரித்த கணக்கில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

கம்பெனியில் நஷ்டம் வந்தால் ஆளைக் குறைக்கலாம். நாட்டில் குறைக்கப்படுகிறவர்கள் எங்கே போவார்கள்? அன்றைக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் காத்திருந்தது.