"அவுட் ஆப் ஸ்டேஷன்" - எந்த ஸ்டேஷன்?

தாராவியில் ஒரு வீட்டுக்குப் போன் வருகிறது. "அப்பா இருக்காரா?" என்று ஆபீஸ்காரர் கேட்கிறார். "அவுட் ஆப் ஸ்டேஷன், சார்" என்கிறான் பையன்.

அப்பா திருநெல்வேலியில் இருக்கிறார். ரெயிலை விட்டு இறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே வந்துவிட்டார் என்று இதற்குப் பொருள் அல்ல. வேலை பார்க்கும் ஊரில் இல்லை என்பதே பொருள்.

இந்த ஸ்டேஷனுக்கும் ரெயிலுக்கும் சம்பந்தம் இல்லை. போரிபந்தரில் இருந்து தாணாவுக்கு 1853-ல் முதல் பயணிகள் ரெயில் ஓடுவதற்கு முன்பே நம் நாட்டில் "ஸ்டேஷன்" உண்டு. வெள்ளைக்கார மாவட்ட அதிகாரிகளும் பட்டாள அதிகாரிகளும் குடியிருந்த ஊருக்கு அந்தப் பெயர். ஊட்டியை "ஹில் ஸ்டேஷன்" என்பதும் அந்த வழியில் வந்ததுதான். 1886-ல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் இந்தச் சொல் இடம்பெற்றுள்ளது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

லண்டன்காரரிடம் இதைச் சொன்னால் விழிப்பார். "அவுட் ஆப் டவுன்" என்றால்தான் அவருக்குப் புரியும். அதற்காக நம் பேச்சு தப்பு என்று ஆகிவிடாது. இங்கே ஆபீசரில் இருந்து பியூன் வரை எல்லோருக்கும் புரிகிறதே!

தப்பு வேறு இடத்தில் வருகிறது. "ஐ ஆம் இன் அவுட் ஆப் ஸ்டேஷன்" என்று சிலர் சொல்கிறார்கள். உள்ளேயா, வெளியேயா? அந்த "இன்" வேண்டாம். "ஐ ஆம் அவுட் ஆப் ஸ்டேஷன்" என்றாலே போதும். "அவுட்ஸ்டேஷன்" என்று சேர்த்துச் சொன்னால், வெளியூரைச் சேர்ந்தது என்று ஆகும். அவுட்ஸ்டேஷன் செக்கைப் பாங்கில் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அந்த வார்த்தை மறக்காது. செக்கின் படத்தை அனுப்பிப் பணம் பெறும் முறை சென்னையில் 2011-லும், மும்பையில் 2013-லும் வந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது.

பல அரசாங்க ஆபீஸ்களில் இது வெறும் பேச்சு வழக்கு அல்ல. லீவு வேறு, ஊரை விட்டுப் போக அனுமதி வேறு. "பர்மிஷன் டு லீவ் ஸ்டேஷன்" என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும். இந்த "லீவ்" விடுப்பு அல்ல, விட்டுப் போவது. இதைத்தான் "ஸ்டேஷன் லீவு" என்று சுருக்கி, இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம். சனி, ஞாயிறு தானே என்று நினைப்பவர்களும் உண்டு. விடுமுறைக்கும் அனுமதி கேட்கும் ஆபீஸ்கள் இருக்கின்றன.

ஊரில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ராத்திரி போன் வருகிறது. இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு ரெயிலுக்கு ஓடுகிற அவசரத்தில் இந்த ஒரு வரி விட்டுப்போகும். தாயாரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், மேஜை மேல் மெமோ இருக்கும்.

அப்படிப்பட்ட நேரத்தில் ரெயிலில் இருந்தே மேலதிகாரிக்குச் செல்போனில் செய்தி அனுப்பலாம். நீட்டி எழுத வேண்டியதில்லை. "மதர் சீரியஸ். கைண்ட்லி பெர்மிட் மி டு லீவ் ஸ்டேஷன்." கீழே தேதி, ஊர் விலாசம். திரும்பி வந்த அன்றே அதைக் காகிதத்திலும் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.